குரங்கு நமக்குப் பாட்டனா, பங்காளியா?

“குரங்கிலிருந்து மனிதன் வந்தான்” என்னும் சொற்றொடரை நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. பரிணாமக் கொள்கையை நான் மறுக்கவில்லை. அதனை ஏற்பதனால்தான் இவ்வாறு சொல்கிறேன். இன்று மரக்கிளையில் தாவும் குரங்குதான் மாறி மாறி மனிதனாயிற்று என்று டார்வின் எழுதவில்லை. அவர் சொல்லாததை அவர் பெயரால் பிள்ளைகளிடம் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் பரிணாமம் தனிப்பாடமாக இல்லை. இருப்பினும், விலங்குகளை வகைப்படுத்தும் பாடத்தைத் தொட்டவுடன் எங்கிருந்தாவது அந்த வினா எழுந்துவிடும். “ஐயா, குரங்கு மனிதனாக மாறியது என்றால், இப்போதுள்ள குரங்குகள் ஏன் மாறவில்லை?” இது கூர்மையான வினா. “அதெல்லாம் இடைநிலைப்பள்ளியில் படிப்பாய்” என்று அமர்த்திவிடுவது எளிது. ஆனால் அந்தப் பிள்ளை விடை கிடைக்காமலேயே, கொள்கை தவறு என்ற முடிவோடு வீடு திரும்புகிறது.

விடை நம் உறவுமுறைச் சொற்களிலேயே இருக்கிறது. நம்மில் பலருடைய பூட்டனார் கப்பலேறி இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர். அவருடைய உடன்பிறந்தார் ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் வழியில் வந்தவர்கள் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், நாம் இங்கிருக்கிறோம். பேச்சும் பழக்கமும் வேறாகிவிட்டன. ஊரில் இருப்பவரை நம் பாட்டன் என்போமா? பங்காளி என்றுதானே சொல்வோம்! ‘அவர் இன்னும் அங்கே இருக்கும்போது நீ எப்படி இங்கே பிறந்தாய்?’ என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சியும் நாமும் அப்படித்தான். ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையர் ஒருவரின் கொடிவழியில் வந்த இரு கிளைகள் நாம். ஓராங் ஊத்தான் அதற்கும் முன்னரே பிரிந்த கிளை. குரங்குகள் இன்னும் தொலைவிலே பிரிந்தவை.

‘பரிணாம வளர்ச்சி’ என்ற வழக்கும் எனக்கு உடன்பாடானதன்று. வளர்ச்சி என்றவுடன் கீழிருந்து மேலே ஏறும் ஏணி ஒன்று மாணவர் மனத்தில் நின்றுவிடுகிறது. உச்சியில் மனிதன், அடியில் பாக்டீரியா. உண்மையில் பாக்டீரியாவும் நம்மைப் போலவே நெடுங்காலம் மாறி மாறி வந்த உயிர்தான். பரிணாமம் என்றாலே மாற்றம் என்று பொருள். அச்சொல் தனித்தே நிற்கலாம். இலங்கைப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்பார்கள். 

ஏணிக்கு மாற்றாக மரத்தை உவமையாகச் சொன்னவர்களுள் ஒருவர் நம் நாட்டு மண்ணில் இருந்தபடியே எழுதினார் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். ஆல்பிரட் ரசல் வாலஸ் 1855ஆம் ஆண்டில் சரவாக்கில் தங்கியிருந்தபோது எழுதிய கட்டுரையில், ஒவ்வோர் இனமும் தனக்கு முன்னிருந்த நெருங்கிய உறவினத்தை அடுத்தே தோன்றுகிறது என்றார்; அவ்வுறவுகளைக் கிளைத்துப் படர்ந்த மரத்திற்கு ஒப்பிட்டார். டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல்தான். வாலஸ் பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

இனி நம்மவர் சிலர் சொல்லும் மற்றொரு செய்தி. தொல்காப்பியத்திலேயே பரிணாமம் இருக்கிறது என்கிறார்கள்; தசாவதாரமே டார்வின் கொள்கைதான் என்றும் மேடைகளில் முழங்குகிறார்கள். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்திருப்பது நாம் பெருமை கொள்ளத்தக்க பகுப்புதான். ஆனால் அது புலனறிவை அளவாகக் கொண்ட பகுப்பு. யார் யாருக்கு உறவு என்பதைப் பற்றியதன்று. எறும்பு அங்கே மூவறிவு உயிர்; நண்டும் தும்பியும் நாலறிவு உயிர்கள். கொடிவழியைப் பார்த்தாலோ, எறும்பும் தும்பியும் பூச்சிக் குடும்பத்து நெருங்கிய பங்காளிகள். நண்டு சற்றுத் தள்ளி நிற்கும் உறவு. இரண்டு பகுப்புகளும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை சொல்கின்றன. அவதாரங்களோ வழிபாட்டிற்கு உரியவை. அவற்றுக்கு உயிரியலின் நற்சான்றிதழ் எதற்கு?

பெற்றோர் சிலர், இதெல்லாம் வெறும் ஊகந்தானே என்பர். அவர்களுக்கு உயிரணுவைக் காட்டலாம். வெங்காயத்தின் உட்தோலை மெல்ல உரித்து, ஒரு துளி அயோடின் இட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலிருந்து வழித்தெடுத்த உயிரணுவை அதன் அருகே வையுங்கள். வெங்காயத்திற்குக் கட்டம் கட்டமாய்ச் சுவர் உண்டு, நமக்கு இல்லை. ஆனால் இரண்டிலும் சவ்வு, இரண்டிலும் உட்கரு. அந்த உட்கருவுக்குள் மரபுச் செய்தி எழுதப்பட்டிருக்கும் எழுத்து முறையும் ஒன்றே. மிகச் சிறு வேறுபாடுகளை விட்டுவிட்டால், உட்கருவே இல்லாத பாக்டீரியா முதல் யானை வரை அதே எழுத்து முறைதான்.

இதற்குச் சான்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. இனிப்புநீர் நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டி இல்லாத தெரு நம்மிடையே குறைவு. முன்பெல்லாம் அந்த இன்சுலினைப் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபுச் செய்தியைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதனைக் கொண்டே இன்சுலினை உண்டாக்கிக் காட்டினார்கள். 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. மனிதனுக்கான செய்தியைப் பாக்டீரியா எப்படிப் படித்தது? இருவரும் ஒரே மூதாதையரிடமிருந்து அந்த எழுத்து முறையைப் பெற்றதனால்தான்.

ஆறாம் ஆண்டு மாணவருக்கு இவ்வளவு போதும் என எண்ணுகிறேன். குரோமோசோம், மரபணு முதலியவற்றை உண்மையாகவே இடைநிலைப்பள்ளிக்கு விட்டுவிடலாம்.