ஜீப்புக்குக் கூரை தேடப் போனோம்... சித்தி ஆர்.சி.யை எடுத்துவந்தார்!

"பாப்பா, உங்க ஆபீஸ்ல வண்டி பத்தி எழுதுறவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல? பழைய தாருக்கு நல்ல ஹார்டு டாப் எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லேன். பூட்டினா பூட்டினதா இருக்கணும். அவ்வளவுதான்."

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை திருப்பாச்சூரிலிருந்து சித்தப்பா போன். குரல் சரியில்லை. என்னவென்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது. பிறகு சித்திதான் போனை வாங்கி விவரம் சொன்னார்.

சித்தப்பாவுக்கு கம்ப்ரஸர் சர்வீஸ் தொழில். காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சின்னச் சின்ன கம்பெனிகளுக்குப் போவார். மெஷினை நிறுத்தி வேலை பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் தோது என்பதால் அவருக்கு வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. அந்த ஞாயிறும் கும்மிடிப்பூண்டியில் வேலை முடித்துத் திரும்பியிருக்கிறார். ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையம் பக்கம் எப்படி இருக்கும் என்று நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகள் நகரவில்லை. சரி, ஒரு டீ குடிப்போம் என்று ஓரமாக நிறுத்தியிருக்கிறார்.

பத்து நிமிஷம்தான். திரும்பி வந்து பார்த்தால் வண்டியின் பின்பக்க ரெக்சினில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட்டதுபோல் ஒரு கிழிசல். உள்ளே இருந்த டூல்ஸ் பை இல்லை. சாக்கெட் செட், கிளாம்ப் மீட்டர், டார்க் ரென்ச், பிரஷர் கேஜ் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். கதவு மட்டும் பூட்டியது பூட்டியபடியே இருந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் சித்தப்பாவுக்கு ஆத்திரம் வந்தது.

போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கியாகிவிட்டது. மறுநாள் வேலைக்கு நண்பரிடம் டூல்ஸ் இரவல். இனிமேல் இந்தத் துணிக் கூரையை நம்பி வண்டியை எங்கேயும் விட மாட்டேன் என்று சித்தப்பா ஒரே பிடி. அப்படித் தொடங்கியதுதான் எங்கள் கூரை வேட்டை.

துணிக் கூரை எங்கிருந்து வந்தது?

ஜீப்புக்கும் துணிக் கூரைக்குமான உறவு இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. ராணுவத்துக்கு எடை குறைவாக இருக்க வேண்டும், வேண்டாதபோது மடித்து வைக்க வேண்டும். பூட்டு அங்கே யாருக்குத் தேவை? அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் 1947-லிருந்து மஹிந்திரா இங்கே கொண்டுவந்தது. அந்த வம்சத்தில் 2010 அக்டோபரில் வந்தது முதல் தலைமுறை தார். கம்பெனியிலிருந்து சாஃப்ட் டாப்போடுதான் வந்தது. ஹார்டு டாப் வேண்டுமென்றால் வெளியேதான் பார்க்க வேண்டும். 2020-ல் இரண்டாம் தலைமுறை வந்தபோதுதான் கம்பெனியே ஹார்டு டாப் வைத்துக் கொடுத்தது. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியோ சாஃப்ட் டாப், ஹார்டு டாப் இரண்டிலும் கிடைத்தது. சித்தப்பாவுடையது 2011 மாடல் தார். நடுவில் மாட்டிக்கொண்ட பத்து வருஷத்துக்காரர்களில் ஒருவர்.

'புது தாரின் கூரையையே வாங்கிப் பழையதில் மாட்டினால் என்ன?' என்று எனக்கும் தோன்றியது. ஆபீஸில் கேட்டேன், சிரித்தார்கள். புதுசு முழுக்க வேறு வண்டி, அளவுகளே வேறு. சித்தப்பா தன் பங்குக்குப் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு ஜிப்ஸி ஹார்டு டாப்பைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஜீப்புதானே" என்று விலை பேசவே ஆரம்பித்துவிட்டார். ஜிப்ஸியின் வீல்பேஸ் 2375 மி.மீ., பழைய தார் 2430 மி.மீ. இந்தக் கணக்கைவிட முக்கியம், முன் கண்ணாடி ஃபிரேமின் அகலமும் பின்பக்கப் பாடியின் அளவும். அவை ஒத்துவராவிட்டால் வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டி ஒட்டிய இடத்தில்தான் முதல் மழையே உள்ளே வரும்.

இரும்பா, ஃபைபரா?

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, லோக்கல் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இரும்புத் தகட்டில் அடித்து வாங்குவது. இன்னொன்று, அச்சில் வார்த்த ஃபைபர் கூரை. ஜீப் வேலைக்குப் பேர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலி மாதிரி ஊர்களிலிருந்து போட்டோ, வீடியோ எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. போட்டோவில் எல்லாக் கூரையும் அழகாகத்தான் இருக்கின்றன.

இரும்பு உறுதி. ஆனால் எடை அதிகம், வெல்டிங் செய்த இடத்தில் துரு பிடிக்கும், திருவள்ளூர் வெயிலில் மதியம் உள்ளே உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். உள்ளே லைனிங் கொடுக்காவிட்டால் தகடு முழுக்க அதிரும், பேசினால் கேட்காது. ஃபைபர் எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் தடிமன் குறைத்து வார்த்திருந்தால் போல்ட் போட்ட இடத்தில் விரிசல் விடும்.

சித்தப்பா கேட்டது 'பூட்டினா பூட்டினதா இருக்கணும்' என்பது. அந்தக் கண்ணோடு பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. கூரை எதனால் செய்தது என்பதைவிட அதன் ஓரங்கள்தான் முக்கியம். நாங்கள் நேரில் போய்ப் பார்த்த ஒரு கூரையில் பின் கதவின் கீல் வெளியே தெரிந்தது. அதன் ஸ்க்ரூவும் வெளிப்பக்கம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிடலாம். இன்னொன்றில் பூட்டு என்ற பெயரில் மேஜை டிராயருக்குப் போடும் சின்னப் பூட்டு. பக்கவாட்டுக் கண்ணாடி வெறும் ரப்பர் பீடிங்கில் நிற்கிறது. பீடிங்கை உருவினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். சிலவற்றில் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் ஷீட்.

அதனால் ஹார்டு டாப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: முன்பக்கம் நின்று செல்ஃபி எடுக்காமல், பின்பக்கம் குனிந்து பாருங்கள். கூரையைப் பாடியோடு பிடிக்கும் போல்ட்டுகள் உள்ளே இருந்துதான் கழற்றக்கூடியவையா, கீலின் ஸ்க்ரூ கதவை மூடியதும் மறைகிறதா, பூட்டு நிஜமான கார் கதவுப் பூட்டா, கண்ணாடியில் டஃபன்டு கண்ணாடிக்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கூரை போட்டாலும் கதவுகளின் மேல் பாதி ரெக்சினாகவே இருந்தால் அந்தச் செலவே வீண். பிளேடு அந்தப் பக்கமாக வந்துவிட்டுப் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்டியான கூரை தலைக்கு மேல் வந்துவிட்டதால் வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். ஃபைபர் கூரை மழைக்கும் வெயிலுக்கும்தான். ரோல் கேஜ் என்பது வேறு.

சித்தி கேட்ட கேள்வி

கடைசியில் ஒரு பட்டறையில் இரும்புக் கூரைக்கு விலை படிந்தது. அட்வான்ஸ் கொடுக்கச் சித்தப்பா சட்டைப்பையில் பணம் வைத்துக்கொண்டு கிளம்புகிறார். அந்த வாரம் நானும் திருப்பாச்சூரில்தான் இருந்தேன். சித்தி உள்ளே போய் ஆர்.சி.யை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"இதுல பாடின்னு ஒண்ணு போட்டிருக்கே, சாஃப்ட் டாப்னு. கூரைய மாத்தினா இதையும் மாத்தணும் இல்லையா? வர்ற வருஷக் கடைசியில இதை ரென்யூ வேற பண்ணணும்னு சொன்னாரே."

பத்து நாள் போனில் தேடியும் எனக்குத் தோன்றாத கேள்வி. டிப்ளமோ படித்த நிருபர் என்று சொல்லிக்கொள்ள அன்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தில் 182ஏ பிரிவும் சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 'சும்மா பயமுறுத்துவாங்க' என்று விட்டுவிட முடியாது. சில வருஷங்களுக்கு முன் ஸ்ரீநகரில் தாரை மாற்றியமைத்த ஒருவருக்கு நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்து, பிறகு நன்னடத்தையின் பேரில் விடுவித்தது. வண்டியைப் பழையபடி மாற்றவும் உத்தரவிட்டது. அந்த வண்டியில் செய்திருந்த மாற்றங்களின் பட்டியலில் பெரிய டயர், சைரனோடு ஹார்டு டாப்பும் இருந்தது.

சித்தப்பா விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல், சித்தி சொன்ன ரென்யூவல். சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு 25-ம் எண் படிவம் கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கூடவே பசுமை வரி. அப்போது ஆர்.சி.யில் சாஃப்ட் டாப், எதிரே நிற்பது இரும்புக் கூரை என்றால்? கூரையைக் கழற்றி, பழைய ரெக்சினைத் தேடி மாட்டி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், நாளைக்கு க்ளைம் போடும்போது அவர்கள் கையில் ஒரு காரணமாகிவிடும். வண்டிக்குள் இருந்து திருடுபோன டூல்ஸுக்கு சாதாரண வாகன பாலிசியில் பணம் வராது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னோம். "எல்லாரும் போட்டுக்கிட்டுதானே சார் ஓட்டுறாங்க" என்றார். அவர் சொல்வதும் நிஜம்தான். சாலையில் எத்தனையோ பழைய ஜீப்புகள் விதவிதமான கூரைகளோடு ஓடுகின்றன. ஆனால் பிடிபட்டால் அபராதம் கட்டப் போவது பட்டறை இல்லை. ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர்தான்.

நீங்கள் இப்படியொரு வண்டி வைத்திருந்தால், கூரைக்கு விலை பேசும் முன் ஆர்.சி.யில் 'பாடி' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். வண்டி லோனில் இருந்தால் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். பழைய வண்டியை ஹார்டு டாப்போடு வாங்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கூரையைப் பார்த்து ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்கும் முன் ஆர்.சி. அந்தக் கூரையை ஒப்புக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஒரு பெட்டி

கூரை இல்லை என்றானதும் சித்தப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. டூல்ஸ் இல்லாமல் பிழைப்பு இல்லை, பூட்ட முடியாத வண்டியில் டூல்ஸை வைக்கவும் முடியாது. அவர் கோபம் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் துணிக் கூரை ஜீப் வைத்திருக்கும் பலர் கதவைப் பூட்டுவதே இல்லை என்று எப்போதோ படித்திருந்தேன். பூட்டினால் கூரையைக் கிழிப்பார்கள், கூரை விலை அதிகம். அதனால் கதவைத் திறந்தே விட்டுவிட்டு, மதிப்புள்ளதை மட்டும் வண்டிக்குள் பொருத்திய இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பார்களாம். இதைச் சொன்னதும் சித்தப்பா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பெட்டின்னா நானே அடிச்சிடுவேனே!"

அடித்துவிட்டார். பின் சீட்டை மறித்து, ஏற்கெனவே தரையில் இருக்கும் போல்ட் துளைகளிலேயே பொருத்திய தகட்டுப் பெட்டி. போல்ட் தலைகள் பெட்டிக்கு உள்ளே. மூடியைத் திறந்தால்தான் கழற்ற முடியும். கீலும் உள்பக்கம். பூட்டின் வளையத்தில் கட்டர் நுழையாதபடி சுற்றிலும் ஒரு மறைப்பு. தரையில் புதிதாகத் துளை போடுவதாக இருந்தால் கீழே குனிந்து பார்க்காமல் போடாதீர்கள். டீசல் டேங்க், பிரேக் லைன் எல்லாம் அங்கேதான் போகின்றன. ஆர்.சி.யில் உள்ள எந்த விவரத்தையும் இந்தப் பெட்டி மாற்றவில்லை. செலவு, பட்டறைக்குக் கொடுக்கவிருந்த அட்வான்ஸைவிடக் குறைவு.

கிழிந்த ரெக்சினைத் திருவள்ளூரில் ஒரு சீட் கவர் கடையில் தைத்து வாங்கினோம். தையல் நன்றாகத் தெரிகிறது. சித்தப்பாவுக்கு அது உறுத்தல்.

எங்கள் ஊர் வாசீஸ்வரர் கோயிலில் லிங்கத்தின் மேல் வாசி என்ற கருவி பட்ட வெட்டுத் தழும்பு இருக்கிறது. மூங்கில் காட்டில் கிடைத்த லிங்கம் என்பது தல வரலாறு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த சித்தி, ஜீப்பின் முதுகைத் தடவிக்கொண்டு நின்ற சித்தப்பாவிடம் சொன்னார்: "நம்ம ஊரு சாமிக்கே வெட்டுத் தழும்பு இருக்கு. உங்க ஜீப்புக்கு ஒரு தையல் இருந்தா என்னவாம்?"

சித்தப்பா சிரித்தார். ஆனால் ஹார்டு டாப் ஆசை போகவில்லை. பதிவைப் புதுப்பித்த கையோடு அனுமதி கேட்டு மனு கொடுக்கப் போகிறாராம். மனுவை எழுதிக் கொடுக்க வேண்டியது நான். கிடைக்கிற பதில் எதுவானாலும் அதையும் இங்கே எழுதுகிறேன்.