அம்மா பகலில் என்ன செய்வார்?

ஈசூன் அக்கம்பக்கத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

பெர்த்துக்குக் குடிபெயர்வது பற்றி உங்களில் பலர் என்னிடம் விசாரிக்கிறீர்கள். வீடு என்ன விலை, கார் என்ன விலை, பிள்ளைகளுக்குப் படிப்புச் சுமை குறைவா என்றுதான் கேள்விகள் வருகின்றன. உங்களுக்குப் பிடித்த பதில்களே கிடைக்கும். சிஓஇ இல்லாத ஊரில் கார் என்ன பெரிய விஷயம்? ஆனால் அம்மா இங்கே பகலில் என்ன செய்வார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நமக்கு இது பெரிய மாற்றமாகத் தோன்றாது. சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம். இரண்டு ஊருக்கும் ஒரே மணி. அதே இடப்பக்கப் போக்குவரத்து, அதே ஆங்கிலம். வெளிச்சம் மட்டும் வேறு. இங்கே ஜூனில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், டிசம்பரில் காலை ஐந்துக்கே விடிந்துவிடும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கலாமா என்று 2009 வரை நான்கு முறை பொதுவாக்கெடுப்பு நடந்தது. நான்கு முறையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்களை எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

ஈசூனில் நகர மன்றம் பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் இங்கே நம் தலையில். புல் வெட்ட வேண்டும், கூரைக் கால்வாயில் அடைத்த இலையை அள்ள வேண்டும், எந்த வாரம் எந்த நிற மூடித் தொட்டியைத் தெருவோரம் வைப்பது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் தெளிப்பானைக்கூட நினைத்த நாளில் திறக்க முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அறவே தடை. எல்லாம் பழகிவிடுகிறது. புல் வெட்டுவது எனக்குப் பிடித்தே போயிற்று.

அம்மாவுக்குத்தான் பழகவில்லை. ஈசூனில் அவர் யாரையும் எதிர்பார்த்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மின்தூக்கியில் இறங்கினால் காப்பிக்கடை. எம்ஆர்டியில் தோபி காட் வரை போய் மாறினால் தேக்கா. நிலையத்தில் ஊர்ப்பெயர் தமிழிலும் இருக்கும். மீன்காரரிடம் பாசார் மலாய், பூக்காரரிடம் தமிழ், சீனப் பாட்டியிடம் இரண்டும் கலந்து ஏதோ ஒன்று. சிங்கப்பூர் ஆங்கிலம் பேசும் நாடு என்பது அலுவலகம் போகிற நம் கணக்கு. அம்மாவின் சிங்கப்பூரில் ஆங்கிலம் குறைவு. அதனால் நான் ஓர் ஆங்கில நாட்டிலிருந்து இன்னோர் ஆங்கில நாட்டுக்கு வந்தேன். அவர் முற்றிலும் அந்நிய நாட்டுக்கு வந்தார்.

இங்கே நாங்கள் ஆளுக்கொரு காரில் வேலைக்குப் போனதும் தெரு காலியாகிவிடும். நடைபாதையில் நிழலும் இல்லை, ஆளும் இல்லை. ஸ்மார்ட்ரைடர் அட்டை இருந்தால் ஞாயிறன்று பேருந்தும் ரயிலும் இலவசம்தான். ஆனால் எங்கள் தெருவுக்கு அன்று மணிக்கு ஒரு பேருந்து. கேனிங் வேலில் கோயில் உண்டு, போய்வர நான் ஓய்வாக இருக்க வேண்டும். உரக்கக் குறை சொல்லும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை. துவைத்து மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருப்பார்.

விசாவும் லேசுப்பட்டதல்ல. சுற்றிப் பார்க்க வருபவர்கள் ஒரு தடவைக்கு மூன்று மாதம் தங்கலாம். நிரந்தரமாகத் தங்குவதற்கான பெற்றோர் விசாவுக்கு இப்போது விண்ணப்பித்தால் 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறது. எழுபது வயதுக்காரரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? ஆளுக்கு 40,000 ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல் கட்டினால் வேறு வரிசை உண்டு. அதிலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஐந்தாண்டு வரை தங்க வைக்கும் தற்காலிக விசாவும் இருக்கிறது. அதற்கு மருத்துவக் காப்புறுதியை நாம்தான் எடுக்க வேண்டும். சிங்கப்பூரர்கள் இங்குள்ள மெடிகேரைப் பயன்படுத்த இரு நாட்டுக்கும் இடையே உடன்பாடு கிடையாது.

வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் வீவக வீட்டை விற்பதில் அவசரம் வேண்டாம். எங்கள் அம்மா இப்போது சிங்கப்பூரில் தங்கையோடு இருக்கிறார், ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகிறார். எங்களுக்கு ஒத்துவந்தது இதுதான். இங்கே வீடு பார்த்தால் நாலு அறையா ஐந்து அறையா என்பதைவிட, ரயில் நிலையத்துக்கு நடந்து போக முடியுமா என்று பாருங்கள். 2025 ஜூனில் தார்ன்லி–காக்பர்ன் ரயில்பாதை திறந்த பிறகு கேனிங் வேல் பக்கம் அது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது.

டிசம்பர் விடுமுறையில் வந்து கடற்கரையைப் பார்த்து மயங்கி முடிவெடுக்காதீர்கள். ஜூலையில் வாருங்கள், அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள். எங்கள் வீட்டில் அறை இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் நீங்கள் என்னோடு வெளியே கிளம்பிவிடுங்கள், அவர்கள் வீட்டிலிருக்கட்டும். சனிக்கிழமை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். ஸ்வெட்டர் அவசியம், இங்கே வீட்டுக்குள்ளும் குளிரும்.

அன்புடன்,
உங்கள் பழைய புளோக்காரன்