ஓசையும் குறியும்

எங்கள் பெரியநீலாவணை வழக்கில், துவக்கால் ஒருவன் சுட்டான் என்பதை 'வெடி வைத்தான்' என்போம். ஏட்டுத் தமிழில் 'சுட்டான்' என்று எழுதுவோம். முன்னது ஓசையாற் பெற்ற பெயர். பின்னது நெருப்பாற் பெற்ற பெயர். குறி என்பதற்கு இரண்டிலும் இடமில்லை. வில்லாளனைப் பற்றிப் பேசுங்கால் 'எய்தான்', 'குறி தப்பாதவன்' என்று கையையும் கண்ணையும் வியந்த நம் மொழி, துவக்கு வந்த பின்னர் செவியால் மட்டும் அதனை அறிந்துகொண்டது போலும். செவியை நம்பிக் கணை தொடுப்பதன் கேட்டை இராமகாதை அறிந்தோர் மறந்திருக்கமாட்டார். குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானையின் ஓசையென எண்ணித் தயரதன் எய்த அம்பு, ஒரு முனிவனின் மகனையன்றோ மாய்த்தது!

அண்மையில் மாணவன் ஒருவன் என்னிடம், "சத்தம் குறைத்துச் சுடுவதும் ஒரு விளையாட்டா, சேர்?" என்று வினவினான். மேனாடுகளிலே குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோருள் ஒரு சாரார், தம் ரைபிளுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தம் கையாலேயே மருந்து குறைத்து அடைத்து, அயலாரைத் துன்புறுத்தாவண்ணம் சுட்டுப் பழகுகின்றனர் என்பதை அவன் எங்கோ படித்திருந்தான். நகைத்து ஒதுக்கிவிடத்தக்க வினா அன்று அது. போரின் ஓசையில் வளர்ந்த ஒரு கரையிலிருந்து எழுந்த வினா அது.

துப்பாக்கியின் ஓசை உண்மையில் இரண்டு ஓசைகள். குழல்வாயில் எரிவளி விரிந்து முழங்குவது ஒன்று. ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு தன் வழிநெடுகக் காற்றைக் கிழிப்பதால் எழும், சாட்டையைச் சொடுக்கினாற்போன்ற ஓசை மற்றொன்று. மருந்தைக் குறைத்தால் முன்னது தணியும். குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குமாயின் பின்னது அறவே எழாது. ஒலியின் வேகமோ காற்றின் வெம்மையைப் பொறுத்தது. 0 பாகைக் குளிரில் வினாடிக்கு 331 மீற்றர். நம் கடற்கரையின் 30 பாகை வெயிலில் ஏறக்குறைய 349 மீற்றர். ஆகவே, பனிநாட்டிலே காற்றைக் கிழித்து ஒலிக்கும் குண்டு, அதே வேகத்தில் நம் நாட்டிலே ஓசையடங்கிச் செல்லவும் கூடும்.

இலங்கையிற் படையினர் நெடுங்காலம் தாங்கிய '303' ரைபிளை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 11 கிராம் நிறையுள்ள அதன் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 740 மீற்றர் வேகத்திற் புறப்படுவது. அவ்வேகத்தை 330 மீற்றராகக் குறைத்தால் குண்டின் ஆற்றல் ஐந்தில் ஒன்றாகிவிடும். 50 மீற்றர் தொலைவைக் கடப்பதற்குள் 2 சென்ரிமீற்றரளவே தாழ்ந்த குண்டு, இப்போது 11 சென்ரிமீற்றருக்கு மேல் தாழும். வேகம் மறைத்து வந்த பிழைகளெல்லாம் இங்கே வெளிப்பட்டுவிடும். குண்டு குழலைவிட்டு நீங்கும் கணம்வரை மூச்சும் தோளும் விரலும் அடங்கியிருத்தல் வேண்டும். போட்டிகளில் 50 மீற்றர் தொலைவிலுள்ள 10.4 மில்லிமீற்றர் வட்டத்தைக் குறிவைப்போர், ஒலியினும் மெதுவாகச் செல்லும் தோட்டாக்களையே விரும்பித் தேர்கின்றனர். ஒலியின் எல்லையைக் கடக்கும்போது குண்டு தடுமாறும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

மருந்து குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணுவோர் உளர். அது பெரும்பிழை. பெரிய கோதினுள் இட்ட சிறிதளவு மருந்து, கைதவறி இருமுறை இடப்பட்டாலும் வெளியே வழியாது; கண்ணுக்குப் புலப்படாது. மிகக் குறைந்துவிட்டாலோ குண்டு குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். அதனை அறியாது அடுத்த வெடி வைப்பவன் கையிலேயே குழல் பிளக்கும். மருந்துகளுட் சில, அளவிற் குறைந்தபோதுதான் எதிர்பாராத அழுத்தத்தைக் காட்டும். அடக்கம் என்பது ஆற்றலைவிடக் கடுமையான பயிற்சியை வேண்டுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்விளையாட்டின் வரலாற்றில் நம் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த தென்னாபிரிக்கப் போரில், போயர் உழவரின் குறிதவறாமை ஆங்கிலேயரைத் திகைக்க வைத்தது. அதன் விளைவாக, சிறு தோட்டாவைக் கொண்டு குறைந்த தொலைவிற் பழகும் கழகங்கள் இங்கிலாந்தில் எழுந்தன. 1901இல் அவற்றுக்கென ஒரு சங்கமும் நிறுவப்பெற்றது. அப்போரிற் சிறைப்பட்ட போயருள் ஏறத்தாழ 5,000 பேர் அடைக்கப்பட்டிருந்த இடம் நமது தியத்தலாவை. பிறர் நாட்டிலே போர் கற்பித்த குறி, ஆங்கிலேயர் ஊரிலே மாலைநேர விளையாட்டாயிற்று.

நம் ஊரில் அவ்வாறு நிகழவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே, வடக்கே கல்லாறு முதல் தெற்கே மருதமுனைக்கு அப்பாலும் வாழ்ந்த பிள்ளைகள், வெடியோசையின் திசையையும் தூரத்தையும் பிரித்தறியக் கற்றனர். திருவிழாப் பட்டாசுக்கும் திடுக்கிடுவோர் இன்றும் நம்மிடையே உளர். தறியோசையும் கடலோசையும் இயல்பாகக் கேட்கும் இக்கரையில், வெடியோசை ஒருகாலும் விளையாட்டின் ஓசையாக முடியாது. அவ்வாறாயின், ஓசை அடங்கிய துவக்கு நமக்கு ஏற்றதுதானே எனச் சிலர் கேட்கலாம்.

நான் அவ்வாறு கருதவில்லை. ஓசை ஒரு தொல்லை மட்டுமன்று, அஃதோர் எச்சரிக்கையுமாம். வெடி கேட்டால் வயலில் மாடு மேய்ப்பவன் ஒதுங்குவான். தாய் பிள்ளையை உள்ளே அழைப்பாள். 'யார் வைத்த வெடி?' என்று ஊர் வினவும். ஓசையற்ற வெடியை ஊர் கேட்பதில்லை. கேளாத வெடியைப் பற்றிக் கேள்வி கேட்பதுமில்லை. மான்வேட்டைக் கள்வனுக்கும் பழிவாங்கத் துடிப்பவனுக்கும் அத்தகைய அமைதி பெருந்துணையாகும். நம் நாட்டில் துவக்கை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், மருந்தை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டமும் அனுமதிக்குள் அடக்கியுள்ளன. வீட்டு மூலையில் தோட்டா அடைக்கும் பொழுதுபோக்கு இங்கே வேரூன்றலாகாது என்பதே என் துணிபு.

எனினும், அக்கலையின் உயிர்நிலையான அடக்கத்தை நாம் இழக்கவேண்டியதில்லை. மருந்தே இல்லாத காற்றுத் துப்பாக்கி 1984 முதல் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்று வருகின்றது. அதன் 4.5 மில்லிமீற்றர்ச் சன்னம் ஒலியின் வேகத்திற் பாதியளவே செல்லும். 10 மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீற்றரே. கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் நின்று சுட்டது இப்போட்டியிலேயே. டோக்கியோவில் இலங்கையின் தெகானி எகொடவெல நின்றதும் இதிலேயே. வெளிச்சம் நிறைந்த மண்டபம், பெயர் பதிந்த ஏடு, அருகில் ஓர் ஆசிரியர், சுடுமுன் அனைவரும் கேட்கும் கட்டளை: இவை சூழ்ந்த அமைதிக்கு ஊர் அஞ்சவேண்டியதில்லை.

கல்முனைப் பகுதிப் பாடசாலைகளிலே அத்தகைய மண்டபம் ஒன்றேனும், உரிய அனுமதியுடன் அமையவேண்டும் என்பது என் விருப்பம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்திற் பக்கமாக நின்று, மூச்சடக்கி, உயிரற்ற காகிதத்தில் ஒரு புள்ளியை நோக்கட்டும். மனிதனைக் குறியாக்கிய காலத்தை அப்பிள்ளைகள் கதையாகவே அறிவாராக.