பிறர் வீட்டில் பத்து மாதம்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவன் ஒருவன் கைநிறையத் தாள்களுடன் வந்து நின்றான். அப்போது அவன் பத்தாம் வகுப்பு. பின்னாலேயே அவனுடைய வாப்பாவும் வந்தார். பள்ளி மாணவர்களை ஒரு கல்வியாண்டுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பும் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் விண்ணப்பம் அது. தேர்வானால் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் படிக்கலாம். தங்குவது விடுதியில் அன்று, முன்பின் அறியாத ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டில்!

"ஹஜ்ரத், பன்றி சமைக்கிற வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதா? நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்டுக்கொள்வான்" என்றார் வாப்பா. மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஒரே வார்த்தையில் தீர்த்துவிடும் காரியமாக எனக்கு அது படவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு மறுநாள் வரச் சொன்னேன். அன்றிரவு அவற்றைப் படித்தேன். அதன் பின்னும் தேடித் தேடிப் படித்தேன். (கல்லூரியில் படித்த ஆங்கிலம் எதற்கு உதவுகிறது என்று என் இல்லத்தார் அடிக்கடிக் கேட்பதுண்டு.) இவ்வாறு பிள்ளைகளை அனுப்பலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருப்பதால், அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இவ்வழக்கம் போரிலிருந்து பிறந்தது என்பது வியப்பான செய்தி. 1915இல், முதல் உலகப் போரின்போது, காயம்பட்ட படைவீரர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்க இளைஞர்கள் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். ஏ.எஃப்.எஸ். என்னும் அந்தத் தொண்டர் அமைப்பு இரண்டாம் உலகப் போரிலும் அதே பணியைச் செய்தது. போர் ஓய்ந்த பின், பிணங்களைச் சுமந்து அலுத்த அந்த ஓட்டுநர்கள், பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் வாழ்ந்து பழகினால் நாளை ஒருவரையொருவர் சுடமாட்டார்கள் என்று எண்ணினர். 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்து இப்பணியைத் தொடங்கினர்.

நம்மைச் சார்ந்தது அதற்குப் பிந்திய கதை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, மறு ஆண்டிலேயே, எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் என்னும் இரு செனட்டர்களின் முயற்சியால், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென்றே ஒரு திட்டம் உருவானது. இந்திய மாணவர்களும் இதில் சென்று வந்துள்ளனர். செலவு அமெரிக்க அரசினுடையது. 2009 முதல் அமெரிக்கப் பிள்ளைகளும் இத்திட்டத்தின் வழியே மொராக்கோ, இந்தோனேசியா, போஸ்னியா போன்ற நாடுகளுக்குச் சென்று குடும்பங்களில் தங்கினர். "இதில் அவர்களுக்கு ஓர் அரசியல் நோக்கம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லாமலா? எந்த அரசும் காரணமின்றிக் காசு கொடுக்காது. ஆனால் இராச் சாப்பாட்டுக்கு அமரும் வீட்டுத் தாய்க்கு வெளியுறவுக் கொள்கை தெரியாது. பிள்ளை ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதுதான் தெரியும். இன்னொன்று: அரசு நிதியை நம்பிய திட்டங்கள் ஆண்டுதோறும் ஒரே சீராய் நடக்குமென்று எண்ணிவிடாதீர்கள். அவ்வப்போது விசாரித்தே விண்ணப்பியுங்கள்.

இத்தகைய பரிமாற்ற விசாவில் மாணவனை ஏற்கும் வீட்டாருக்குக் கூலி கிடையாது. வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே. மூன்று வேளை உணவும், ஒரு கட்டிலும் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டில் காற்றடைத்த மெத்தையாகவோ, பகலில் நாற்காலியாக மடிவதாகவோ இருக்கக்கூடாது என்றுகூட அமெரிக்க அரசின் விதி சொல்கிறது! வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மீதும் குற்றவழக்கு ஏதும் உண்டா என்று சோதிக்கிறார்கள். வீட்டுக்கே சென்று எல்லோரையும் நேரில் பார்க்கிறார்கள். அனுப்பும் நிறுவனத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் மாதம் ஒருமுறையேனும் மாணவனையும் வீட்டாரையும் விசாரிக்க வேண்டும்.

இத்தனையும் இருந்தும் தவறு நேர்ந்ததில்லையா? நேர்ந்தது. 2009இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிரான்டன் நகரில் சில மாணவர்கள் அசுத்தமான வீடுகளில், போதிய உணவின்றி வைக்கப்பட்டிருந்தது வெளியாகிப் பெரும் பழியானது. அதற்குப் பின்னரே 2010இல் விதிகள் இறுக்கப்பட்டன. ஆகவே பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும், அவருக்கு மேலுள்ளவரின் எண்ணும் பிள்ளையின் கையிலும் உங்கள் கையிலும் இருக்கட்டும். வீடு ஒத்துவரவில்லையென்றால் மாற்றித் தரக் கேட்கலாம். அது மானக்கேடு அன்று.

இனி வாப்பா கேட்ட பன்றிக் கேள்வி. எனக்கு அது எளிய கேள்வியாகவே தெரிகிறது. மாணவன் தன்னை அறிமுகப்படுத்தி அவ்வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதுவது விண்ணப்பத்தின் ஒரு பகுதி. எதை உண்பான், எதை உண்ணமாட்டான், எந்நேரத்தில் தொழுவான் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். தெரிந்தே ஏற்கும் வீட்டார் முட்டையும் மீனும் காய்கறியும் வைத்துச் சமாளிப்பார்கள். சர்ச்சுக்கு அழைத்தால், வணக்கத்தில் கலந்துகொள்ள இயலாது என்று பணிவாகச் சொல்லலாம். எனக்குக் கடினமாகப் பட்டவை வேறு. ஒன்று நாய். அங்கே எத்தனையோ வீடுகளில் நாய் கூடத்திலும் படுக்கையிலும் உலவும். ஷாஃபி மத்ஹபினரான நாம் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டியவர்கள். நாயில்லாத வீட்டை முன்கூட்டியே கேட்பது நலம். மற்றொன்று தொழுகை நேரம். மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ளுஹரும் பள்ளிக்கூட நேரத்தில். அஸரோ பஸ்ஸில் வரும்போதே கை நழுவும். பாங்கு காதில் விழாது. எழுப்பிவிட உம்மா இருக்கமாட்டார். கேட்க ஆளில்லாத இடத்தில் பத்து மாதம் தொழுகையைக் காப்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சிறிய சோதனையா?

ஆனால் இவற்றையும்விட நான் அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தது வேறொன்றைப் பற்றி. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள் நம் பெரியவர்கள். நாயகம் (ஸல்) அவர்களும் விருந்தோம்பல் மூன்று நாள் என்றும், அதற்கு மேல் அளிப்பது தருமம் என்றும், வீட்டுக்காரருக்குச் சங்கடம் உண்டாகும் அளவுக்கு விருந்தாளி தங்குவது ஆகாது என்றும் அறிவித்திருக்கிறார்கள். இங்கோ பத்து மாதம்! மூன்று நாளைக்குப் பின் ஒருவன் அவ்வீட்டில் எந்த முறையில் இருப்பது? விருந்தாளியாக இருக்க முடியாது. பிள்ளையாகத்தான் இருக்க முடியும். அங்கே வீட்டுப் பிள்ளை என்றால் குப்பையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும், தன் துணியைத் தானே துவைக்க வேண்டும், உண்ட தட்டைக் கழுவ வேண்டும், வெளியே போனால் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தறியவில்லை. நான் ஓதிய ஊரில் மதரஸா மாணவர்களுக்கு வீடுகளில் சாப்பாடு, ஆளுக்கொரு வீடு. எனக்கு வாய்த்த வீட்டு மாமி வசதியானவர் அல்லர். முதல் வாரம் அவர் வைத்த மீன் ஆணம் எனக்குப் பிடிக்கவில்லை. "எங்கள் வீட்டு ஆணம் போல் இல்லை" என்று கூட ஓதும் நண்பனிடம் சொன்னேன். அது எப்படியோ மாமியின் காதுக்குப் போயிற்று. மறுநாள் நான் சாப்பிட அமர்ந்தபோது அவருடைய சின்ன மகன் கதவோரம் வந்து நின்று, "உங்க உம்மா எப்படி ஆக்குவாங்கன்னு உம்மா கேட்டுவரச் சொன்னாங்க" என்றான். அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, சகோதரர்களே! மறுநாள் முதல் கடைக்குப் போவதும், அந்தச் சிறுவனுக்கு யாசீன் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையாயின. ஆணமும் தானாகவே ருசித்தது.

இத்தருணத்தில் ஒரு பெண் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கராச்சியைச் சேர்ந்த சபிக்கா ஷேக், வயது 17. கென்னடி-லூகர் திட்டத்தின் கீழ் 2017இல் டெக்சாஸ் மாநிலத்துக்கு வந்து, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டில் தங்கி, சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 2018 ரமளான் தொடங்கியபோது அவ்வீட்டாரும் அவருடன் சேர்ந்து நோன்பு நோற்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பெருநாளுக்கு ஊர் திரும்ப இன்னும் சில வாரங்களே இருந்தன. மே 18, வெள்ளிக்கிழமை காலை, அப்பள்ளியில் படித்த ஒரு மாணவனே துப்பாக்கியால் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் சபிக்காவும் ஒருவர். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஹூஸ்டன் பகுதியில் ஜனாஸாத் தொழுகை நடந்தபோது, அவரை வீட்டில் ஏற்றிருந்த அந்தத் தாயும் வந்திருந்து, திரண்டிருந்த முஸ்லிம்கள் முன் அவரைப் பற்றிப் பேசினார்.

அந்தச் செய்தியைப் படித்தவர்கள் "அனுப்பவே கூடாது" என்கிறார்கள். அவர்களை நான் குறை கூறமாட்டேன். அந்நாட்டின் துப்பாக்கிக் கேடு பொய்யில்லை. ஆனால் பெற்றெடுத்த தாய் கராச்சியிலும், சோறிட்ட தாய் டெக்சாஸிலும் ஒரே பிள்ளைக்காக அழுததையும் சேர்த்தே நான் நினைத்துப் பார்க்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மஹ்ரமான துணையின்றிப் பயணம் செய்வது பற்றி ஹதீஸில் வந்துள்ள எச்சரிக்கை நீங்கள் அறிந்ததே. பாதுகாப்பு உறுதியானால் இக்காலத்தில் இடமுண்டு என்று சொல்லும் அறிஞர்களும் உள்ளனர். பத்திரிகையில் இரண்டு வரியில் முடிக்கும் மஸ்அலா அன்று இது. குடும்ப நிலையை எடுத்துச் சொல்லி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆணாயினும் பெண்ணாயினும், திரும்பி வந்து பிளஸ் ஒன்னில் சேரும்போது ஓராண்டு பிந்தக்கூடும் என்பதையும் தலைமையாசிரியரிடம் முன்னரே பேசிவையுங்கள். அரசுச் செலவில் செல்பவர் படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்ப வேண்டும். இங்கே இரண்டாண்டுகள் இருந்த பின்னரே அங்குக் குடியேறும் தகுதியோ, வேலை விசாத் தகுதியோ கிடைக்கும். அனுப்பினால் அங்கேயே தங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மறுநாள் தந்தையும் மகனும் வந்தார்கள். அவன் எழுதியிருந்த கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். நல்ல ஆங்கிலம். ஐவேளைத் தொழுகையாளி, வீட்டு வேலைகளில் தாய்க்கு உதவுபவன், ஓரளவு சமைக்கவும் தெரிந்தவன் என்றெல்லாம் எழுதியிருந்தான்.

"ஃபஜ்ருக்கு உன்னை யார் எழுப்புகிறார்கள்?" என்றேன்.

"உம்மா."

"சாப்பிட்ட தட்டை?"

"ராத்தா கழுவிடும், ஹஜ்ரத்."

"உன் உடுப்பை?"

பதில் இல்லை. வாப்பா சிரித்தார். அவருடைய தட்டைக் கழுவுவது யார் என்று நான் கேட்கவில்லை.

"வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன், போ என்றும் சொல்லமாட்டேன். கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் உள்ளதை அந்த ஒரு மாதம் செய்துவிட்டு வா. அதன் பின் கடிதத்தைத் திரும்ப எழுது" என்றேன். வாப்பாவுக்கு என் பதில் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

இருபத்தாறாம் நாள் வந்தான். விரல் நுனியில் சூடுபட்ட தழும்பு ஒன்று இருந்தது, தோசைக்கல்லாம். புதுக் கடிதம் முன்னதில் பாதிதான் இருந்தது. சமையலைப் பற்றி எழுதியிருந்ததை எடுத்துவிட்டான். பன்றி இறைச்சி உண்ணமாட்டேன், மற்றபடி எது கொடுத்தாலும் பழகிக்கொள்வேன், நாயிடம் எனக்குத் தயக்கம் உண்டு என்று நேராக எழுதியிருந்தான். இறுதியில் ஒரு வரி: அதிகாலைத் தொழுகைக்கு என் தாய் என்னை எழுப்பாமல் நானே எழுந்திருக்க இந்த மாதம்தான் பழகினேன், நான்கு நாள் தவறிவிட்டேன்.

வாப்பா அதை மகனிடம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டார்.

அவ்வாண்டுப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவன் உம்மா துணி அலமாரியில் எடுத்து வைத்திருப்பதாகப் பின்னர் ராத்தா சொல்லி அறிந்தேன்.