ஜடை பின்னும் கையில் என்ன அமங்கலம்?



இப்போதெல்லாம் கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் பார்த்தால், அந்தக் காலத்துத் தலை அலங்காரம் திரும்பி வந்துவிட்டது. முன்னால் உப்பலாக பஃப், உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை, இல்லையென்றால் இடுப்புக்குக் கீழே தொங்கும் பூ ஜடை, காதோரம் ஒரு சுருள்... 2018-ல் 'நடிகையர் திலகம்' படம் வந்ததிலிருந்து, சாவித்திரி மாதிரி தலை வாரிக்கொள்ள எங்கள் தெருப் பெண்களுக்கே ஆசை வந்துவிட்டது. எனக்கும்தான்! ஆனால் அந்த ஆசையோடு எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையும் உங்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்தவள். திருமங்கலத்தில் கணவர், இரண்டு பெண் குழந்தைகள், மாமியார் என்று அளவான குடும்பம். என் மாமியாரை நான் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவேன். 65 வயதாகிறது. சமையல், தையல் எல்லாம் எல்லாரையும் போலத்தான். ஆனால் தலை அலங்காரம் என்று வந்தால், அத்தையை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

சின்ன வயதில் இதை அவர் தன் அக்காவிடம் கற்றுக்கொண்டாராம். 'காதலிக்க நேரமில்லை' (1964), 'அன்பே வா' (1966) படங்களைப் பார்த்துவிட்டு வந்து, காஞ்சனா கொண்டை, சரோஜாதேவி கொண்டை என்று அக்கா போட்டுப் பார்ப்பாராம். பிற்பாடு 'தில்லானா மோகனாம்பாள்' (1968) பத்மினி மாதிரி ராக்கொடி, ஜடை, குஞ்சலம் எல்லாம். 'லவ் இன் சிம்லா' (1960) என்ற இந்திப் படத்தில் நடிகை சாதனா நெற்றியில் முடியை வெட்டி விட்டுக்கொண்டு வந்தாரே, அந்த 'சாதனா கட்' வெட்டிக்கொண்டதற்காக அக்கா அப்பாவிடம் அடி வாங்கிய கதையை அத்தை இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, தெருவில் எந்தப் பெண்ணுக்குச் சடங்கு, நிச்சயம், வளைகாப்பு என்றாலும் ஜடை தைக்க அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பைசா வாங்க மாட்டார்.

இதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை. மாமனார் தவறிய பிறகு யாரும் கூப்பிடவில்லை. அத்தையும் போகவில்லை. ராக்கொடி, சவுரி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பரணில் ஏற்றிவிட்டார்.

இந்த வருஷம் வைகாசியில் என் நாத்தனாருக்கு ஏழாம் மாத வளைகாப்பு வைத்தோம். "அண்ணி, எனக்கு முன்னாடி பஃப் வச்சு, பின்னாடி பூ ஜடை வேணும். பழைய படத்துல வர்ற மாதிரி" என்றாள். பியூட்டி பார்லரில் கேட்டால் பூவோடு சேர்த்து 5,000 ரூபாய் என்றார்கள். பணம் ஒரு பக்கம். அங்கே அடித்துக் காட்டிய ஸ்பிரே வாசனையிலேயே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. "வீட்டிலேயே பண்ணிக்கலாம்" என்று திரும்பி வந்துவிட்டோம்.

வளைகாப்புக்கு முதல் நாள், நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தபோது, அத்தை பரணிலிருந்து டப்பாவை இறக்கச் சொன்னார். ஒத்திகை பார்க்கலாம் என்று உட்கார வைத்தார். அன்று நான் பார்த்துக் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்பிரே இல்லாமலே செய்யலாம்.

தலைக்கு முதல் நாளே சீயக்காய் போட்டுக் குளித்துவிட வேண்டும். அன்றைக்கே குளித்த முடி வழுக்கும், பின் நிற்காது. ஈரத்தோடு ஒருபோதும் பஃப் வைக்கக் கூடாது. ஈர முடி சீக்கிரம் அறுந்துவிடும். ஒரு காதிலிருந்து மறு காது வரை வகிடு எடுத்து முன் முடியைத் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உச்சி முடியை இரண்டு விரல் அகலத்துக்கு எடுத்து, தூக்கிப் பிடித்து, சீப்பால் நடுவிலிருந்து வேர்ப்பக்கமாக மூன்று நான்கு தடவை தள்ளினால் அடியில் பஞ்சு மாதிரி உப்பி நிற்கும். முடி அடர்த்தி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழைய சவுரியைச் சுருட்டி கொண்டை வலைக்குள் போட்டால் அதுவே திண்டு! அதை உச்சியில் வைத்து, முன் முடியை அதன் மேல் மெதுவாகப் போர்த்தி, மேலாக மட்டும் வாரிவிட வேண்டும். ஸ்லைடில் நெளிநெளியாக இருக்கிற பக்கம் தலையைத் தொட்டபடி இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே குத்தினால் நகராது. இத்தனை வருஷமாக நான் தலைகீழாகக் குத்திக்கொண்டு, 'ஸ்லைடு நிற்கவே மாட்டேங்குது' என்று புலம்பியிருக்கிறேன்!

காதோரச் சுருளுக்கு, ஒரு ஸ்பூன் ஆளிவிதையை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க விட்டு, கொழகொழவென்று வந்ததும் சூட்டோடு வடிகட்டி ஆற வைத்துக்கொள்ளலாம். அதைத் துளி தடவி விரலில் சுற்றி, காயும்வரை ஸ்லைடு போட்டு வைத்தால் போதும்.

பூ ஜடைக்கு, மலராத மல்லிகை மொட்டுதான் வேண்டும். மதுரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அதற்குக் குறைவில்லை. வாழைப்பட்டையை ஜடை அகலத்துக்கு நறுக்கி, அதன் மேல் மொட்டுகளை வரிசையாக வைத்து ஊசி நூலால் தைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். மறுநாள் ஜடை பின்னிய பிறகு அதை ஜடையோடு சேர்த்துத் தைப்பார்கள். முழு ஜடைக்கும் பூ வைத்தால் பாரம் கழுத்தை இழுக்கும் என்று, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பாதி ஜடை வரைக்கும்தான் அத்தை தைத்தார். பார்லரில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்?

மறுநாள் காலை. அத்தை சீப்பை எடுத்து மகளுக்குப் பின்னால் உட்கார்ந்ததுதான் தாமதம், மாமனாரின் அக்கா உள்ளே வந்தார். "என்னம்மா இது? நல்ல காரியத்துல நீ முன்னால வந்து நிக்கலாமா? சுமங்கலியா யாரையாவது தலையில கை வைக்கச் சொல்லு" என்றார்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் வாய் திறக்கவில்லை. 'மருமகள் எதிர்த்துப் பேசினாள்' என்று பேர் வந்துவிடுமே என்ற பயம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் வாரத் தொடங்கினேன். அடுப்படி நிலையில் நின்றுகொண்டு அத்தை அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் தூக்கு... ஸ்லைடை நேரா குத்தாத, குறுக்கால போடு... இடது பக்கம் சரியுது பாரு..." பத்தடி தூரம்தான். ஆனால் அந்த நிலைப்படியைத் தாண்டி அவர் வரவில்லை. எனக்கோ கை நடுங்குகிறது. இரண்டு தடவை வைத்தும் பஃப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பூவைத் தைக்கப் போனால் ஊசி கழுத்தில் குத்திவிட்டது.

நாத்தனார் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கு முதல்ல தலை பின்னி விட்டது எங்கம்மா. பள்ளிக்கூடத்துக்கு ரெட்டை ஜடை மடிச்சு ரிப்பன் கட்டி விட்டது எங்கம்மா. மூணு வருஷம் முன்னாடி என் கல்யாணத்துக்கு ஜடை தைச்சதும் எங்கம்மாதான். அன்னைக்கு இருந்த அதே கைதானே இது? இன்னைக்கு மட்டும் என்ன ஆகிப்போச்சு? அம்மா, நீ வந்து பின்னினாதான் நான் மணையில உட்காருவேன்" என்றாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அத்தை தயங்கித் தயங்கி வந்தார். நான் சீப்பைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் பஃப் நின்றது, ஜடை நிமிர்ந்தது, பூ அமர்ந்தது. பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பந்தி முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். வருத்தம்தான். ஆனால் பெற்ற தாய் நிலைப்படியில் நின்று வேடிக்கை பார்ப்பதை விடவா அது பெரிய வருத்தம்?

'பிறகு குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா?' என்று நீங்கள் கேட்கலாம். பிறந்தது. ஆனால் அதைச் சாட்சியாக வைத்து நான் வாதாட விரும்பவில்லை. பிரசவத்தில் ஏதாவது கஷ்டம் வந்திருந்தாலும், அது அத்தையின் கையால் வந்ததாக ஆகாது. தாயின் ரத்த அழுத்தத்தையும் ரத்த சோகையையும் பார்க்க ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜடை பின்னியவளின் நெற்றியைப் பார்த்தா அதெல்லாம் வரும்? சுமங்கலியான எனக்கும்தான் அன்று பஃப் சாய்ந்தது, ஊசி குத்தியது. வேலை தெரிந்த கை, தெரியாத கை என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம் இருக்கிறது?

பள்ளியில் எங்கள் தமிழ் டீச்சர் சொன்னது ஞாபகம் வருகிறது. பெண்களின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பெயர் உண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாக முடிவார்களாம். இதையெல்லாம் யாரும் புத்தகம் பார்த்துப் பழகியிருக்க மாட்டார்கள். அம்மா மகளுக்கும், அக்கா தங்கைக்கும் பின்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுதான். அந்த வித்தை தெரிந்தவர்களில் பலருக்கு இன்று வயதாகிவிட்டது. பலர் துணையை இழந்தவர்கள். அவர்களை நல்ல நாளில் அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, அதே அலங்காரத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறோம். பார்லரில் தலையைத் தொடுகிற பெண் சுமங்கலியா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? காசு கொடுத்தால் பார்க்காத சாஸ்திரத்தை, பாசத்தோடு வருகிறவரிடம் மட்டும் பார்ப்பது என்ன நியாயம்?

'பெரியவர்கள் மனம் நோகக் கூடாதே, ஊரோடு ஒத்துப் போகலாமே' என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் அன்று சும்மா இருந்தேன். அத்தையும் ஒரு பெரியவர்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்!

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் பெண்கள் இருவரும் பாட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் மடித்துக் கட்டிய ரெட்டை ஜடை, ஒரு வாரம் கொண்டை. பிஸ்கட் டப்பா பரணுக்குத் திரும்பிப் போகவே இல்லை. போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மாவே வந்து அத்தையைக் கூப்பிட்டார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். "போயிட்டு வாங்க அத்தை, ஸ்லைடு பெட்டியை நான் எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அன்று விட்ட பேச்சை இன்றாவது பேசினேனே என்று ஒரு நிம்மதி.

முடிப்பதற்கு முன் ஒன்று. பஃப் வைத்த தலையைப் பிரிக்கும்போது அவசரம் கூடாது. நம் முடியின் மேல்புறம் ஓட்டுக் கூரை மாதிரி நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. எதிர்ப்பக்கமாகச் சீவுவதால் அந்த அடுக்கு தூக்கிக்கொண்டுவிடும். விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்லச் சிக்கு எடுத்து, பிறகு அகலப் பல் சீப்பால் வார வேண்டும். தினமும் இழுத்து இறுக்கிக் கட்டினால் முன் நெற்றியில் முடி கொட்டும். அதனால் இந்த அலங்காரமெல்லாம் விசேஷ நாளுக்கு மட்டும் இருக்கட்டும்.

தோழியரே, அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஜடை தைக்க வேண்டியிருந்தால், பார்லரைத் தேடுவதற்கு முன் அடுப்படியை ஒரு முறை எட்டிப் பாருங்கள். அங்கே ஓர் அத்தையோ, அம்மாவோ, பெரியம்மாவோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். அவர் கையில் சீப்பைக் கொடுங்கள். யாராவது முணுமுணுத்தால், என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள்.

என்ன, நான் சொல்வது சரிதானே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்.