பாதியில் நிற்கும் ஊசி

1941 பிப்ரவரி 12 அன்று ஆக்ஸ்ஃபோர்டு ராட்கிளிஃப் மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுக் காவலரின் நரம்பில் பெனிசிலின் ஏற்றினார்கள். முகமும் தலையும் சீழ் பிடித்து, ஒரு கண்ணையே எடுத்துவிட்ட நிலை. மருந்து ஏறியதும் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடத் தொடங்கினார். ஆனால் பெனிசிலினை மருந்தாக்க முயன்ற ஹோவர்ட் ஃபுளோரியின் குழுவிடம் இருந்ததே கொஞ்சம் மருந்துதான். அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் 15 அன்று அவர் இறந்துபோனார்.

அந்தச் சாவுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போதிய மருந்தே அன்று உலகத்தில் இல்லை. இன்று அப்படியில்லை. பெனிசிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் நம் நாட்டிலேயே தயாராகின்றன, மலிவாகவும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் காலில் வந்த புண்ணுக்கு ஒருவர் காலையோ உயிரையோ இழந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு, கூடவே சர்க்கரை. கிருமி உள்ளே நுழைய இவ்வளவு போதும். கால் சிவந்து, வீங்கி, சுடும். மருத்துவர்கள் இதைச் செல்லுலைட்டிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளின் வேலை. லேசாக இருந்தால் மாத்திரையே தீர்த்துவிடும். கடும் காய்ச்சல், வேகமாக ஏறும் சிவப்பு, இறங்கும் ரத்த அழுத்தம், மாத்திரை வயிற்றில் தங்காத வாந்தி என்றால்தான் நரம்பு ஊசி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, மறுநாள் அது ஏறியதா இறங்கியதா என்று பார்க்க வேண்டும். சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புண்ணைவிட வலி பல மடங்கு இருந்து, தோல் கறுக்கவும் தொடங்கினால் அது சதையை அழுகவைக்கும் தொற்று. செத்த சதைக்குள் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத இடத்துக்கு ஊசி மருந்தும் போய்ச் சேராது. உடனே அறுவை சிகிச்சை செய்வது ஒன்றே வழி.

நம் ஊர்களில் நடப்பது என்ன? கால் வீங்கியவர் மருந்துக்கடைக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ போகிறார். விரலிடுக்கை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை, சர்க்கரை அளவைக் கேட்பதில்லை. இரண்டு நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசி ஏறுகிறது. வீக்கம் கொஞ்சம் வாடியதும் அவர் வேலைக்குப் போய்விடுகிறார். சில நாளில் தொடை வரை சிவந்து, நினைவு தடுமாறிய நிலையில் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். கூலி போய்விடுமே என்று பாதியில் எழுந்து போனவரைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு மனமில்லை. எத்தனை நாள் மருந்து, ஏன் அத்தனை நாள் என்று உட்காரவைத்துச் சொல்லாதவர்தான் குற்றவாளி. சிக்கலில்லாத செல்லுலைட்டிஸ் சரியான மருந்துக்குப் பணிந்துவந்தால் ஐந்து நாளே போதும் என்பதுகூட நோயாளியிடம் யாரும் சொல்லாத செய்தி.

செஃப்ட்ரியாக்சோன் 'ஹெச்1' பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அதை மீறி விற்பது வெறும் வியாபாரத் தவறு அல்ல, உயிரோடு விளையாடுவது. கேரள அரசு 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று பெயரிட்டுக் கடை கடையாகச் சோதனை நடத்தியது. தமிழகமும் அதைச் செய்யலாம், செய்யவேண்டும்.

எளிய மருந்து போதுமான காலுக்கு, கல்ச்சர் பரிசோதனைக்குச் சீழைக்கூட எடுக்காமல், முதல் நாளே மெரோபெனம் என்ற வலிமையான கிருமிக்கொல்லியை ஏற்றும் மருத்துவமனைகளையும் நாம் விடுவதற்கில்லை. காய்ச்சல் இறங்கி, நோயாளி சாப்பிடத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் பலரை மாத்திரைக்கு மாற்றிவிடலாம். லைனசோலிட் போன்ற மருந்து வாய்வழி கொடுத்தாலும் ஊசிக்கு நிகராக ரத்தத்தில் சேர்கிறது. அப்படியிருக்க, கட்டிலுக்கும் டிரிப்புக்கும் பில் ஏறட்டும் என்று கையில் குத்திய குழாயோடு ஒருவரைப் படுக்கவைத்திருப்பது அறமல்ல. அந்தக் குழாயே புதுக் கிருமிக்கு வழியாகிவிடுகிறது. தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. 2019இல் மட்டும் அத்தகைய கிருமிகளால் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்பது லான்செட் இதழில் வந்த கணக்கு. எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு வான்கோமைசின் உண்டு. ஆனால் ஒரு கிராம் மருந்தை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் உடல் சிவந்து ரத்த அழுத்தம் சரியும். பக்கத்தில் நின்று பார்க்க நர்ஸ் இல்லாத கிளினிக்கில் அதைத் தொடவே கூடாது.

அரசின் பங்கும் குறைவில்லை. தாலுகா மருத்துவமனையில் எடுத்த சீழ் மாதிரியின் முடிவு இரண்டு மூன்று நாளில் மருத்துவர் கைக்கு வர வேண்டும். வீட்டிலிருந்தே தினம் வந்து ஊசி போட்டுக்கொண்டு போக, வேலை முடிந்த மாலை நேரத்திலும் வசதி வேண்டும். கூலிக்காரர் பாதியில் ஓடாமல் இருக்க இது இல்லாமல் முடியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கால் சிவந்து வீங்கி, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால், குறிப்பாகச் சர்க்கரை இருப்பவர்கள், மருந்துக்கடையில் ஊசி கேட்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் எத்தனை நாள் மருந்து என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.