தபால் செலவை மிச்சம் பிடிக்கச் சொல்பவருக்கு

இணைய ஏலத்தில் பழைய நாணயம் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியவர், அனுப்பும் செலவு என்பதே வியாபாரிகள் அடிக்கும் கொள்ளை என்கிறார். நாணயம் உலோகம், உடையாது, சாதாரணக் கவரே போதுமாம். இன்சூரன்ஸ் வீண் செலவாம். வெளிநாட்டுப் பார்சலில் மதிப்பைக் குறைத்துப் போடச் சொன்னால் கஸ்டம்ஸ் தொல்லை இருக்காதாம். வல்லார்பாடத்தில் அவ்வளவு பெரிய கண்டெய்னர் முனையத்தை வைத்துக்கொண்டு கொச்சிக்காரர்கள் இதற்கெல்லாம் கவலைப்படலாமா என்றும் கேட்கிறார். அத்தனையும் தவறு. சில யோசனைகள் வாசகரைக் கோர்ட் படியேற வைப்பவை.

முனையத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அது, கப்பலுக்குக் கப்பல் சரக்குப் பெட்டி மாற்றுவதற்காகக் கட்டியது. ஏலத்தில் எடுத்த டச்சுத் துட்டு விமானத்தில் வந்து, வெளிநாட்டுத் தபால்களுக்கான அஞ்சலகத்தில் கஸ்டம்ஸ் மேசையைத் தாண்டித்தான் நம் கைக்கு வரும். வல்லார்பாடத்திலேயே வீடு இருந்தாலும் அது ஒரு நாள்கூட முந்தி வராது.

உடையாது என்கிறாரே, மட்டாஞ்சேரி ஜூ டவுன் கடைகளில் கொச்சிப் புத்தனை அவர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாரா? சங்கு பொறித்த அந்த வெள்ளிக் காசு சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். கவருக்குள் தளர்வாகக் கிடந்தால், முத்திரை குத்தும் இயந்திரத்தின் உருளை அழுத்தும்போது ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடும். கவர் வந்து சேரும், காசு வராது. அட்டை ஹோல்டரில் ஸ்டேப்ளர் முள்ளைத் தட்டையாக மடக்காமல் விட்டால் பக்கத்து நாணயத்தின் முகத்தைக் கீறிவிடும். மெத்தென்ற பிவிசி உறையில் நெடுநாள் கிடந்த செப்புக் காசில் பிசுபிசுவென்று பச்சை பூக்கும். அப்புறம் தேய்த்துக் கழுவினால் சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஒழுங்காக அனுப்புகிறவர் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே நாணயத்தை வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, அசையாமல் கட்டுவார். உலுக்கினால் சத்தம் வரக் கூடாது. கிலுகிலு என்று கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கைநீளமுள்ளவனுக்குப் புரிந்துவிடும். இந்த வேலைக்குத்தான் காசு கேட்கிறார்கள். இதைக் கொள்ளை என்று எழுத எப்படி மனம் வந்தது?

இன்சூரன்ஸ் விஷயத்தில் அவர் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. இன்சூரன்ஸ் செய்யாத உள்நாட்டு ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கிடைப்பது கட்டிய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 80 ரூபாய் கட்டி 8,000 ரூபாய்க் காசை அனுப்பியவருக்குத் திரும்பி வருவது 160 ரூபாய். ‘பழைய பதிவுத் தபாலே போதும்’ என்று வேறு எழுதியிருக்கிறார். 2025இல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. தனியார் கூரியர்களில் பலர் நாணயத்தை ஏற்பதே இல்லை. ‘டாக்குமென்ட்’ என்று பொய் எழுதிக் கொடுத்தால் தொலைந்த பிறகு கேட்பதற்கு வாயிருக்காது.

மதிப்பைக் குறைத்துப் போடச் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. 1962 சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி தவறான மதிப்புப் போட்ட பொருளைப் பறிமுதல் செய்யலாம். 112ஆம் பிரிவின்படி அபராதமும் உண்டு. 500 டாலர் நாணயத்துக்கு 20 டாலர் என்று எழுதினால், காணாமல் போகும்போது இன்சூரன்ஸும் அந்த 20 டாலரைத்தான் பார்க்கும். பொய் எழுதுபவர் எங்கோ இருக்கும் விற்பனையாளர். பார்சல் மாட்டினால் நோட்டீஸ் வருவது வாங்கியவர் வீட்டுக்கு.

இதைவிட மோசம், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்குப் புத்தனையும் ‘பணம்’ என்ற பழங்காசையும் ‘பழைய பொத்தான்’ என்று எழுதி அனுப்பலாம் என்ற யோசனை. 1972 தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த நாணயத்தையும் தொல்பொருள் என்றே சொல்கிறது. தனியாள் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. அனுப்பினால், அனுப்ப முயன்றாலே, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. மூன்றாண்டு வரை நீளலாம். பாசத்தில் மகனுக்கு ஒரு காசு அனுப்பும் தகப்பனை இந்த வழக்கில் தள்ளிவிடுவதற்கு எழுத்தாளர் எதற்கு?

அவர் சொன்னதில் சரியானது ஒன்றுண்டு: ஒரே விற்பனையாளரிடம் பல லாட் எடுத்தால் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். அப்போது மொத்த மதிப்புக்கும் இன்சூரன்ஸ் கேட்க வேண்டும் என்பதை விட்டுவிட்டார். விலை கூறுவதற்கு முன்பே ஏலக் கமிஷன், ஜிஎஸ்டி, கட்டுக்கூலி, இன்சூரன்ஸ், வெளிநாடானால் சுங்க வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எதுவரை ஏறலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் இடைவெட்டில்லாமல் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். காசு இல்லாத கவர் வந்தால் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

அந்தக் கட்டுரையை நம்பிப் புதிதாக ஏலத்தில் இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிப்பைக் குறைத்துப் போடச் சொன்ன பத்தியையும், வளைகுடாவுக்கு அனுப்பச் சொன்ன பத்தியையும் அடுத்த இதழில் தன் பெயரிலேயே அவர் திரும்பப் பெற வேண்டும்.